போடிக்கும் புத்தடிக்கும் நடுவே மூன்றாவது ஓட்டு

ஏலக்காய் மலைக்கு இந்தப் பக்கம் போடிநாயக்கனூர், அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் புத்தடி. நாட்டில் விளையும் சிறு ஏலக்காய்க்குப் பெரும்பாலும் இந்த இரண்டு ஊர்களின் ஏல மையங்களில்தான் விலை முடிவாகிறது. நறுமணப் பொருள் வாரியம் 2007-இல் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. அதன்பிறகும் வெகுகாலம் இரண்டு மையங்களும் தனித்தனியாகத்தான் நடந்தன. புத்தடி ஏலத்தில் கேட்க வேண்டுமென்றால் போடி வியாபாரி கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மலையேறியாக வேண்டும். போடி ஏலத்துக்கு அங்குள்ளவர் இறங்கி வர வேண்டும். 2020 ஊரடங்கில் மாநில எல்லை அடைபட்டபோது இந்த ஏற்பாடு முடங்கிப்போனது. 2021 ஜனவரியில் வாரியம் இரண்டு மையங்களையும் கிளவுட் வழியாக இணைத்தது. ஒரு மையத்தில் ஏலம் நடக்கும்போது மற்ற மையத்தில் உட்கார்ந்திருப்பவரும் அதே லாட்டுக்கு அதே நேரத்தில் விலை கேட்கலாம் என்றானது.

இணைய வசதி மலைக்கு வந்துவிட்டதன் பலன் என்று இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் கணினியியலில் அரை நூற்றாண்டாக ஆட்களை மண்டை உடைத்துக்கொள்ள வைத்த ஒரு கேள்வி இதற்குள் இருக்கிறது. விலைகளை வாங்கிக்கொள்ளும் சர்வர் ஒன்றே ஒன்று என்றால் பிரச்சினை எதுவும் இல்லை. அது சொன்னதுதான் முடிவு. ஆனால் அது படுத்தால் ஏலமும் படுத்துவிடும். படுக்கக் கூடாது என்றால் இரண்டு மூன்று சர்வர்களில் ஒரே கணக்கைப் பிரதி வைத்திருக்க வேண்டும். பிரதிகள் என்று வந்துவிட்டால் அவை ஒன்றுக்கொன்று முரணாகப் பேசக் கூடாது. ஒத்துப்போகச் செய்தி அனுப்ப வேண்டும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் தாமதம். பழுதைத் தாங்கும் வலிமைக்கு நாம் கொடுக்கும் விலை அது. வாரியத்தின் மென்பொருள் உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதற்குள் நான் போகவில்லை. இப்படி மலைக்கு இருபுறமும் நடக்கும் ஓர் ஏலம் பழுதையும் தாங்க வேண்டும், கையும் வேகமாக ஓட வேண்டும் என்றால் எப்படிக் கட்டுவது என்பதே கேள்வி.

முதலில் இரண்டு சர்வர் போதாது என்பதைப் பார்த்துவிடலாம். போடியில் ஒன்று, புத்தடியில் ஒன்று; நடுவில் கம்பி அறுந்துவிட்டது. போடி சர்வருக்குப் புத்தடியிலிருந்து பதில் வரவில்லை. அங்கே சர்வர் செத்துவிட்டதா, அல்லது அது உயிரோடு விலை வாங்கிக்கொண்டிருக்க வழி மட்டும் அடைபட்டிருக்கிறதா? இங்கிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். செத்துவிட்டது என்று எண்ணித் தனியாக நடத்தினால் ஒரே லாட்டை இரண்டு பேருக்கு விற்றுவிடலாம். காத்திருந்தால் ஏலம் நிற்கும். பள்ளத்தாக்கின் இருபுறமும் நிற்கும் இரண்டு படைத்தளபதிகளின் கதையாக இதை 1970-களிலேயே கணினிக்காரர்கள் எழுதிவிட்டார்கள்: தூதுவர் வழியில் பிடிபடலாம் என்ற நிலை இருக்கும்வரை, எத்தனை முறை தூது விட்டாலும் இருவருக்கும் முழு நிச்சயம் வராது. 1985-இல் ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் இன்னும் கடுமையான ஒன்றை நிரூபித்தார்கள். செய்தி வந்துசேர எவ்வளவு நேரம் ஆகும் என்று வரம்பு சொல்ல முடியாத ஓர் அமைப்பில், ஒரே ஓர் இயந்திரம் செயலிழக்கலாம் என்றாலே போதும், தற்செயல் தேர்வை நாடாத எந்த நெறிமுறையும் எப்போதும் முடிவை எட்டும் என்று உத்தரவாதம் தர முடியாது.

இந்த முட்டுச்சந்திலிருந்து நடைமுறையில் வெளியே வந்த வழிதான் பெரும்பான்மை. கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் கோரம் இல்லாவிட்டால் தீர்மானம் செல்லாது. கோரம் பாதிக்கு மேல் என்றிருந்தால், ஒரே நாளில் இரண்டு அறைகளில் இரண்டு கூட்டம் போட்டு இரண்டு தீர்மானம் நிறைவேற்றவும் முடியாது. லெஸ்லி லாம்போர்ட்டின் பாக்சோஸ் (1998-இல் அச்சேறியது), ஓங்காரோவும் ஊஸ்டர்ஹௌட்டும் 2014-இல் வெளியிட்ட ராஃப்ட் ஆகிய நெறிமுறைகளின் முதுகெலும்பு இந்தக் கணக்குதான். மூன்று சர்வரில் எந்த இரண்டை எடுத்தாலும், வேறு எந்த இரண்டோடும் அதற்குக் குறைந்தது ஒன்றாவது பொதுவாக இருக்கும். முந்தைய முடிவை அறிந்த ஒருவர் அடுத்த முடிவின்போது கட்டாயம் அறையில் இருப்பார்.

இனி தாமதத்துக்கு வருவோம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும்; கிலோமீட்டருக்கு 5 மைக்ரோ நொடி. போடிக்கும் புத்தடிக்கும் நேர்கோட்டில் 40 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும். மலையை நேரே தாண்டும் இழை இருந்தால் போய்த் திரும்ப அரை மில்லி நொடிகூட ஆகாது. நடப்பு அப்படி இல்லை. இரண்டு ஊரும் வெவ்வேறு நிறுவனத்தின் இணைப்பில் இருந்தால், அந்த நிறுவனங்களின் வலைகள் சந்திப்பது சென்னை, மும்பை போன்ற பெருநகரங்களில்தான். போடிமெட்டில் நின்று கண்ணால் பார்க்கக்கூடிய இடத்துக்கு அனுப்பும் செய்தி சில நூறு கிலோமீட்டர் சுற்றிப் போகலாம். சர்வர்கள் மும்பையின் தரவு மையத்தில் இருந்தால், நேர்கோட்டுத் தூரமே 1,100 கிலோமீட்டர். போய்வர ஒளிக்கே 11 மில்லி நொடி. வழியில் உள்ள சுற்று, ரவுட்டர்களின் நெரிசல் எல்லாம் சேர்ந்தால் அதன் பல மடங்கு. அதிவேக இயந்திரம் வாங்கி இதைக் குறைக்க முடியாது. ஒளியை யாரும் விரட்ட முடியாது என்பதால், குறைக்க முடிவது இரண்டே: எத்தனை முறை போய்வர வேண்டும், எவருடைய பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

பாக்சோஸும் ராஃப்டும் சாதாரணமாக ஓடும்போது தலைமை சர்வர் ஒன்று இருக்கும். வியாபாரியின் கோரிக்கை அதனிடம் போகும்; அது மற்றவற்றுக்கு அனுப்பும்; பெரும்பான்மை ஆமோதித்ததும் பதில் வியாபாரிக்குத் திரும்பும். நான்கு செய்திப் பயணம், அதாவது இரண்டு போய்வருதல். தலைமை போடியில் இருந்தால் போடி வியாபாரிக்கு முதல் போய்வருதல் இல்லாததுபோலத்தான். புத்தடி வியாபாரிக்கு அது முழுசாகச் சேரும். இருவரும் ஒரே நொடியில் ஒரே விலையை அழுத்தினால் போடிக்காரர்தான் முதலில். பங்குச் சந்தைக்காரர்களுக்கு இந்த வலி நன்றாகத் தெரியும். தேசியப் பங்குச் சந்தை தன் தரவை வரிசையில் ஒருவர்பின் ஒருவராக அனுப்பிய காலத்தில், முதலில் இணைந்தவருக்கு முதலில் கிடைத்தது என்பதுதான் கோ-லொகேஷன் விவகாரமாகி செபி விசாரணை வரை போனது. அங்கே தகராறு மைக்ரோ நொடிகளில். இங்கே விரலின் வேகத்தில். ஆனாலும் மலைக்கு இந்தப் பக்கம் ஒரு நியாயம், அந்தப் பக்கம் ஒரு நியாயம் என்ற பேச்சு கிளம்ப அதுவே போதும்.

தலைமையைச் சுற்றிக்கொண்டு போகும் யோசனை 2006-இல் லாம்போர்ட்டே வெளியிட்ட ஃபாஸ்ட் பாக்சோஸ். கேட்பவர் தன் விலையை எல்லா சர்வருக்கும் நேரடியாக அனுப்புகிறார். ஒரு போய்வருதல் மிச்சம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டு விலை கொடுக்க வேண்டும். ஒரு சர்வர் படுத்தாலும் தாங்க மூன்று போதாமல் நான்கு வேண்டும், அதில் மூன்றின் பதிலுக்குக் காத்திருக்கவும் வேண்டும். இரண்டாவது, இருவர் ஒரே நேரத்தில் அனுப்பி அவை வெவ்வேறு சர்வர்களில் வெவ்வேறு வரிசையில் விழுந்தால் மோதல். அதைத் தீர்க்க மீண்டும் சுற்றுகள். மோதல் அபூர்வமான இடத்தில் இது லாபம். ஏலத்தில் மோதல் எப்போது வரும்? நல்ல லாட்டுக்கு, கடைசி நொடிகளில், எல்லாரும் ஒன்றாகப் பொத்தானை அழுத்தும்போது. வேகம் மிகவும் தேவைப்படும் அந்த நொடியில்தான் ஃபாஸ்ட் பாக்சோஸ் மிகவும் மந்தமாகும். ஒன்றையொன்று பாதிக்காத கட்டளைகளுக்கு வரிசை தேவையில்லை என்று 2013-இல் வந்த ஈபாக்சோஸும் மேலோட்டமாகப் பார்த்தால் இங்கே உதவாது. ஒரே லாட்டின் விலைகள் அல்லவா, எல்லாமே ஒன்றையொன்று பாதிப்பவைதானே?

அப்படித்தானா என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு லாட் திரையில் இருக்கிறது, எட்டு மில்லி காய், 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வியாபாரி சாம்பிளைக் கையில் கொட்டி, காயின் பச்சை நிறத்தையும் வெடிப்பையும் பார்க்கிறார், லிட்டர் எடையை யோசிக்கிறார், அழுத்துகிறார். போடியிலிருந்து 2,440, புத்தடியிலிருந்து 2,446, போடியிலிருந்து மறுபடி 2,443. மூன்றாவதாக அழுத்தியவர் 2,446 தன் திரைக்கு வருமுன் அழுத்திவிட்டார், அவ்வளவுதான். இந்த மூன்றும் ஒரு சர்வரில் ஒரு வரிசையிலும் இன்னொன்றில் வேறு வரிசையிலும் விழட்டும். இரண்டு சர்வரும் தமக்கு வந்ததில் பெரியதை மட்டும் வைத்துக்கொண்டால், செய்திகள் எல்லாம் வந்துசேர்ந்ததும் இரண்டிலும் 2,446-தான் நிற்கும். ஒரே செய்தி இரண்டு முறை வந்தாலும் கெடுதல் இல்லை. பெரியதை எடுக்கும் கணக்குக்கு வரிசை என்பதே தேவையில்லை. விலை ஏறிக்கொண்டிருக்கும்வரை சர்வர்கள் எதையும் ஒருமனதாக முடிவு செய்ய வேண்டியதில்லை.

ஒருமித்த முடிவு எங்கே தேவை? லாட்டை மூடும் இடத்தில். '2,446 கேட்கப்பட்டது' என்பதைச் சொல்ல ஒரு சர்வருக்குத் தன் கையில் உள்ள தகவல் போதும். '2,446-க்கு மேல் யாரும் கேட்கவில்லை' என்பதைச் சொல்ல மற்றவர்களிடம் கேட்டே ஆக வேண்டும். 2010-இல் ஜோசப் ஹெல்லர்ஸ்டைன் முன்வைத்துப் பிறகு நிரூபிக்கப்பட்ட 'காம்' தேற்றத்தின் சாரம் இதுதான்: கூடிக்கொண்டே போகும், சொன்னதைத் திரும்பப் பெறாத கணக்குகளை ஒருங்கிணைப்பு இல்லாமலே நடத்தலாம், 'இல்லை', 'இனி இல்லை' என்று சொல்லும் கணக்குக்குத்தான் ஒருங்கிணைப்பு வேண்டும். நெறிமுறையை வேகப்படுத்துவதற்கு முன், எந்த வேலைக்கு நெறிமுறையே வேண்டாம் என்று பார்த்துக் கழிப்பதுதான் பெரிய ஆதாயம் என்பது என் கட்சி. பாக்சோஸில் அரைச் சுற்றைக் குறைக்க எழுதப்பட்ட ஆய்வுகளின் கணக்கைப் பார்க்கும்போது, இந்தக் கேள்வி போதிய அளவு கேட்கப்படவில்லை என்றே தோன்றுகிறது.

இதை ஏலத்துக்குப் பொருத்தினால் அமைப்பு இப்படி வரும். மூன்று சர்வர், தலைமை என்று எதுவும் இல்லை. வியாபாரியின் விலை மூன்றுக்கும் போகும். வட்டில் எழுதிக்கொண்டோம் என்று எவை இரண்டு முதலில் சொல்கின்றனவோ, அத்துடன் 'ஏற்கப்பட்டது' என்று திரையில் காட்டலாம். ஒரே போய்வருதல், மோதல் என்ற பேச்சே இல்லை. மிக மந்தமான சர்வருக்கு யாரும் காத்திருக்கவும் வேண்டாம். லாட்டை மூடும்போது மட்டும் மூடும் சர்வர் மற்றவற்றிடம் 'இந்த லாட்டுக்கு இனி விலை வாங்காதே, உன்னிடம் உள்ள பெரிய விலையைச் சொல்' என்று கேட்கும். இரண்டு சர்வர் பூட்டிவிட்டால் போதும். ஏற்கப்பட்டது என்று சொல்லப்பட்ட எந்த விலையும் ஏதோ இரண்டு சர்வரில் இருக்கிறது; பூட்டியவையும் இரண்டு; பொதுவாக ஒன்றாவது இருந்தே தீரும். ஆகையால் அந்த விலை தொலையாது. பிறகு இன்னொரு சுற்றில் 'இந்த லாட் இன்னாருக்கு, இந்த விலைக்கு' என்று பெரும்பான்மையில் பதிந்துவிட்டால் முடிந்தது. நெறிமுறைகளைப் படித்தவர்களுக்கு இது பாக்சோஸின் இரண்டு கட்டங்களேதான் என்று தெரியும்.

மூடுவதற்கு இரண்டு போய்வருதல் ஆகிறது. மும்பை வரை போய்வந்தாலும் சில பத்து மில்லி நொடி. ஏலம் நடத்துபவர் கடைசி விலைக்குப் பிறகு கொடுக்கும் இடைவெளி நொடிக் கணக்கில் இருக்கும்; அதற்குள் இந்தத் தாமதம் யார் கண்ணிலும் படாது. தாமதம் உறைக்கும் இடத்தில் ஒருமித்த முடிவு தேவைப்படவில்லை. அது தேவைப்படும் இடத்தில் தாமதம் உறைக்கவில்லை.

சமவிலை ஒரு சிக்கல். இரண்டு பக்கமும் ஒரே 2,446 கேட்டால் பெரியது எது? வாயால் கேட்ட காலத்தில் ஏலம் விட்டவரின் காதுதான் தீர்ப்பு. இங்கே முன்கூட்டியே ஒரு விதி வேண்டும்: சம விலையில் ஒற்றைப்படை லாட் போடிக்கு, இரட்டைப்படை லாட் புத்தடிக்கு என்பதுபோல. கடிகாரத்தை நம்பி 'யார் முதலில்' என்று தீர்ப்பது எனக்கு உவப்பில்லை. அணுக் கடிகாரமும் ஜிபிஎஸ்ஸும் வைத்துக்கொண்டு கூகுள் 2012-இல் ஸ்பானர் அமைப்பை விவரித்தபோதுகூட, நேரத்தில் ஏழு மில்லி நொடிவரை நிச்சயமின்மை இருந்ததாகவே சொன்னது. அது தீரும்வரை அந்த அமைப்பு காத்திருக்கிறது.

வட்டில் எழுதுவதும் ஒரு செலவு. சுழலும் வட்டில் ஓர் எழுத்து உறுதியாகப் பதியச் சில மில்லி நொடி ஆகும். போடி-புத்தடி ஒளிப்பயணத்தைவிட அது பல மடங்கு. செய்திகளை மட்டுமல்ல, கட்டாய வட்டு எழுத்துகளையும் எண்ணிப் பார்த்துக் குறைக்க வேண்டும் என்பதைக் காட்டியவர்களில் முக்கியமானவர் தமிழ்நாட்டில் பிறந்து ஐஐடி மெட்ராஸில் படித்த சி.மோகன். ஐபிஎம்மில் அவர் லிண்ட்சே, ஓபர்மார்க் ஆகியோருடன் 1986-இல் எழுதிய கட்டுரையில் வரும் யோசனை எளிமையானது. பல தரவுத்தளங்களைத் தொடும் ஒரு பரிமாற்றத்தைப் பற்றிப் பதிவே இல்லை என்றால், அது ரத்தானது என்று எல்லாரும் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் ரத்துக்கு ஒப்புகைச் செய்தியும் வேண்டாம், அவசர எழுத்தும் வேண்டாம். பிறகு இது தொழில்துறைத் தரநிலைகளிலும் இடம்பெற்றது. அதற்கு மூன்றாண்டு முன்பே, பொய் சொல்லும் இயந்திரங்களையும் சமாளிக்கும் பைசாந்தியன் உடன்பாட்டைத் தரவுத்தளப் பரிமாற்றத்துக்குப் பயன்படுத்தும் முறையை ஸ்ட்ராங், ஃபிங்கல்ஸ்டைன் இருவருடன் சேர்ந்து அவர் முன்வைத்திருந்தார்.

பைசாந்தியன் பாதுகாப்பு போடிக்குத் தேவையா? ஒரு சர்வர் பொய் சொன்னாலும் தாங்க நான்கு சர்வர் வேண்டும், செய்திச் சுற்றுகளும் கூடும். 1999-இல் காஸ்ட்ரோவும் லிஸ்கோவும் இதை நடைமுறை வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2019-இன் ஹாட்ஸ்டஃப் செய்திகளின் எண்ணிக்கையைக் குறைத்தது. ஒருவரை ஒருவர் நம்பாத பலர் சேர்ந்து நடத்தும் அமைப்புக்கு அது சரி. இங்கே சர்வர்கள் எல்லாம் ஒரே வாரியத்தின் பொறுப்பில். கையெழுத்திட்ட பதிவேடு போதும். தவிர, விவசாயிகள் வெகுநாளாகப் புகார் சொல்லும் ரீபூலிங்கை, அதாவது ஏலத்தில் எடுத்த காயையே மறுபடி ஏலத்தில் விட்டு வரத்து அதிகம்போலக் காட்டி விலையை அமுக்குவதை, எந்த நெறிமுறையும் பிடிக்காது. எல்லா சர்வரும் ஒரே கணக்கைச் சொல்கின்றனவா என்பதைத்தான் அது பார்க்கும். மூட்டைக்குள் இருப்பது யாருடைய காய் என்பது அதன் வேலை இல்லை.

சராசரி நாளின் கணக்கு இதுவரை. மலையில் பிரச்சினை சராசரி நாளில் வராது. தென்மேற்குப் பருவமழையில் மரம் சாய்வது, மண் சரிவது, மின்சாரம் போவது, சாலை அகலப்படுத்தும்போது இழை வெட்டுப்படுவது எல்லாம் இங்கே வாடிக்கை. காய் எடுப்பு தொடங்கி ஏலத்துக்கு வரத்து கூடுவதும் மழை விடுவதற்கு முன்பே. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கி எப்படித் துண்டிக்கப்பட்டது என்பது தெரிந்ததே. தலைமை உள்ள நெறிமுறையில் தலைமை போனால் அதைக் கண்டுகொள்ளும் காலக்கெடுவும் புதுத் தேர்தலும்தான் மொத்தத் தாமதம். ராஃப்ட் கட்டுரை தேர்தல் காலக்கெடுவாக 150 முதல் 300 மில்லி நொடியைச் சொல்கிறது. அது ஒரே கட்டடத்துக்குள் உள்ள இயந்திரங்களுக்குப் பொருந்தும். மழைநாளில் தடுமாறும் மலை இணைப்பில் அதையே வைத்தால் உயிரோடிருக்கும் தலைமையை அடிக்கடி செத்ததாக அறிவித்துத் தேர்தல் நடத்திக்கொண்டே இருக்கும். பெரிதாக வைத்தால் உண்மையில் செத்தபோது ஏலம் நொடிக்கணக்கில் உறையும். விலை வாங்கத் தலைமையே வேண்டாம் என்ற அமைப்பில் இந்தத் தலைவலி மூடும் கட்டத்தோடு நின்றுவிடும்.

இரண்டு சர்வர் ஒன்றாகப் போனால் மூன்றாவது தனியாக எதையும் முடிவு செய்யக் கூடாது. ஏலம் நிற்க வேண்டும். நிற்பதே சரி. ஒரு லாட்டை இரண்டு பேருக்கு விற்றுவிட்டுப் பிறகு பஞ்சாயத்து பேசுவதைவிட அரை மணி நேரம் தேநீர் குடித்துவிட்டு வருவது மேல்.

ஆகவே போடியிலும் புத்தடியிலும் ஒவ்வொன்று என்றால், எல்லாம் வந்து நிற்பது மூன்றாவது சர்வர் எங்கே என்பதில். தேனியில் வைத்தால் போடியின் மின்சாரமும் இழையும் போகும்போது அதுவும் போகலாம். கட்டப்பனையில் வைத்தால் புத்தடியின் கதிதான் அதற்கும். இரண்டு மையங்களிலிருந்தும் வெவ்வேறு வழியில் எட்டக்கூடிய தொலைவு வேண்டும். சென்னை பொருந்தும்: போடியிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 465 கிலோமீட்டர், ஒளிக்குப் போய்வர ஐந்து மில்லி நொடிக்குள். இரண்டு மையங்களுக்கும் நடுவே நேரடி இழை இருந்தால், நல்ல நாளில் போடியும் புத்தடியும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிவிடும். சென்னையின் தூரம் கணக்கிலேயே வராது. ஒன்று படுக்கும் நாளில் மட்டும் அந்த ஐந்து மில்லி நொடியும் அதற்கு மேல் இணைப்பின் தாமதமும் சேரும். பொத்தானை அழுத்துபவர் அதை உணரப் போவதில்லை.

இப்படியொரு அமைப்புக்கு டெண்டர் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'சராசரித் தாமதம் இத்தனை மில்லி நொடிக்குள்' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். ஏலம் ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்றில் எந்த ஒரு சர்வரின் மின்கம்பியைப் பிடுங்கினாலும் அடுத்த விலை எத்தனை நொடியில் ஏற்கப்படும், ஏற்கப்பட்டதாகச் சொன்ன எந்த விலையாவது தொலைந்ததா என்று கேளுங்கள். அந்தச் சோதனையை மழைக்காலத்தில் ஒரு நாள் புத்தடியில் வைத்து, வியாபாரிகளையும் விவசாயிகளையும் பக்கத்தில் உட்கார வைத்து நடத்துங்கள்.